மின் நிலைய உறுப்புகளில் வெல்டிங், பழுதுநீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயிலர் டியூப், ஸ்டீம் பைப், டர்பைன் பிளேடு என்று மின் நிலையத்தில் எது பழுதானாலும், "வெல்டு அடித்து ஓட்டிவிடலாமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்களும், வெல்டிங் சூப்பர்வைசர்களும், இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. கையில் இருக்கும் உறுப்புக்கு அதன் வரைபடமும், பொருந்தும் கோடும் (code, விதிநூல்), ஒப்புதல் பெற்ற வெல்டிங் நடைமுறையும் சொல்வதே முடிவு.

சாதாரண இரும்பு வேலை வெல்டிங்குக்கும் மின் நிலைய வெல்டிங்குக்கும் என்ன வித்தியாசம்?

கூரைச் சட்டத்தில் போட்ட வெல்டு, காற்றின் வெப்பநிலையில் பாரத்தைத் தாங்கினால் போதும். சூப்பர்ஹீட்டர் ஹெடரில் (பல டியூப்கள் வந்து சேரும் தடித்த குழாய்) போட்ட வெல்டு 540 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 170 பார் அளவு அழுத்தத்தில், ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். அல்ட்ரா சூப்பர்கிரிட்டிகல் நிலையங்களில் நீராவி வெப்பம் 600 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் எஃகு, தன் வலிமைக்கு எவ்வளவோ குறைவான சுமையிலேயே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருக்கும். இதைத்தான் க்ரீப் என்கிறோம்.

இங்கே பலர் வெல்டு உலோகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெல்டை ஒட்டி இருபுறமும் சில மி.மீ. அகலத்தில், உருகாமல் ஆனால் கடுமையாகச் சூடேறிய பகுதி ஒன்று இருக்கிறது. வெப்பம் தாக்கிய அந்தப் பகுதியில்தான் எஃகின் உள்ளமைப்பு மாறிப்போகிறது. மின் நிலையத்தில் வெல்டுகள் காலத்துக்கு முன்பே போவது பெரும்பாலும் அந்த ஒல்லிப் பட்டையில்தான். ப்ரீஹீட் (முன்கூட்டியே சூடாக்குவது), வெப்பச் சிகிச்சை, ராடு (வெல்டிங் கம்பி) தேர்வு என்று கீழே வரும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டையைக் காப்பாற்றத்தான்.

டியூப் லீக் ஆனால் உடனே வெல்டு அடித்து மூடிவிடலாமா?

மூடலாம். அடுத்த மாதம் பக்கத்து டியூப் போகும். லீக் என்பது விளைவு; காரணத்தைத் தேடாமல் ஓட்டையை மட்டும் மூடுவது வேலையே இல்லை என்பது என் கருத்து.

உடைந்த இடத்தைக் கிரைண்டர் படுவதற்கு முன் பாருங்கள், படம் எடுங்கள். டியூப் அகலமாக வாய்பிளந்து, விளிம்பு மெலிந்து கூராக இருந்தால் அது குறுகிய கால அதிவெப்பம். உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது நீரோட்டம் நின்றுபோயிருக்கிறது. விளிம்பு தடித்து, வெடிப்பு சிறியதாக, மேற்பரப்பில் கனமான ஆக்சைடு செதிலும் அதில் நீளவாக்கில் கோடுகளும் இருந்தால் நீண்ட கால அதிவெப்பம். க்ரீப் ஆயுள் தீர்ந்துவிட்டது. அந்த நிலையில் பக்கத்து டியூப்களும் அதே வரிசையில் காத்துக்கொண்டிருக்கின்றன. வாட்டர் வால் (உலையின் சுவராக நிற்கும் நீர்க்குழாய் வரிசை) டியூபில் ஒரு துண்டு ஜன்னல் போலப் பெயர்ந்து போய், விளிம்பு கொஞ்சமும் மெலியாமல் இருந்தால் ஹைட்ரஜன் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். உட்புறப் படிவத்துக்கு அடியில் நடந்த அரிப்பில் பிறந்த ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, படிக எல்லைகளைப் பிளந்திருக்கும். வெளிப்புறம் பளபளவென்று தட்டையாகத் தேய்ந்திருந்தால் சாம்பல் அரிப்பு, அல்லது சூட் புளோயர் (டியூப் மேல் படிந்ததை ஊதித் தள்ளும் கருவி) நீராவி.

இன்னொன்று. திறந்து பார்க்கும்போது நாலைந்து டியூப் ஓட்டையாக இருக்கலாம். அவற்றில் மிகப் பெரிய ஓட்டைதான் முதல் லீக் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் ஓர் ஊசித்துளை திறந்து, அதிலிருந்து பீய்ச்சிய நீராவி எதிரே இருந்த டியூபை அறுத்து, அது வெடித்து மூன்றாவதைத் தாக்கியிருக்கும். நீராவி வெட்டிய தடங்களின் திசையைப் பின்தொடர்ந்து போனால் அந்தச் சிறிய துளை கிடைக்கும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியது அதைத்தான். சுற்றியிருக்கும் டியூப்களுக்கு அல்ட்ராசோனிக் தடிமன் அளவு எடுக்காமல் பாயிலரை மூடவே கூடாது.

பேட் வெல்டு ஏன் கூடாது என்கிறார்கள்?

மெலிந்த இடத்தின் மேல் வெல்டை அடுக்கித் தடிமன் ஏற்றுவது பேட் வெல்டு. வெளிப்புறத் தேய்வுக்கு, மிச்சத் தடிமன் போதுமான அளவு இருக்கும்போது, அவசரத்துக்கு இது செல்லும். உட்புற அரிப்புக்குச் செல்லாது. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் மேலே உருக்குகிறோம். கண்டன்ஸரிலும் ஹீட்டர்களிலும் செம்புக் கலவை டியூப் இருந்த நிலையங்களில் பாயிலர் உட்புறப் படிவத்தில் செம்பு கலந்திருக்கும். வெல்டு குழம்பு மெல்லிய சுவரைச் சூடாக்க, அந்தச் செம்பு உருகி எஃகின் படிக எல்லைகளுக்குள் இறங்கி விரிசல் விடும். வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் திரும்பத் திரும்ப வெடிக்கும் வெல்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரியான வழி, கெட்ட பகுதியை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு அதே தரத்தில் புதுத் துண்டு வைப்பது. ஊதிப்போன, மெலிந்த பகுதியைத் தாண்டி நல்ல உலோகம் வரும் வரை வெட்ட வேண்டும். முனைகளின் உட்புறப் படிவத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பெவல் எடுத்து (விளிம்பைச் சாய்வாக்கி), ரூட்டை (அடி வரியை) டிக் வெல்டிங்கில் (ஆர்கன் பாதுகாப்பில் டங்ஸ்டன் முனையால் செய்வது) போட வேண்டும்.

வாட்டர் வாலில் பின்பக்கம் கை போகாது. அங்கே ஜன்னல் வெல்டு உதவும்: டியூபின் முன்பக்கச் சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்தத் திறப்பு வழியாகப் பின்பக்கத்தை உள்ளிருந்தே வெல்டு செய்துவிட்டு, பிறகு துண்டைப் பொருத்தி மூடுவது. கண்ணாடி வைத்துப் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வெல்டு செய்வதும் உண்டு. அது கையும் கண்ணும் எதிரெதிர்த் திசையில் ஓடும் வேலை. தனிப் பயிற்சி இல்லாதவரிடம் கொடுக்கக் கூடாது.

டியூபில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால்?

வெல்டு போடாதீர்கள். சொட்டுத் தண்ணீர் ஆவியாகி ரூட்டில் காற்றுத்துளைகளை விடும், வெல்டையும் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கும், ஹைட்ரஜனையும் கொடுக்கும். டிரெயின் வால்வு கசிகிறதா என்று முதலில் பாருங்கள். வேக்குவத்தால் உறிஞ்சி, சூடு காட்டி, ஈரம் நின்றதை உறுதி செய்த பிறகே ரூட்.

ப்ரீஹீட் எதற்கு? ராடை ஏன் அடுப்பில் சுட வேண்டும்?

இரண்டுக்கும் காரணம் ஹைட்ரஜன். ராடின் மேல்பூச்சில் ஏறிய ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு, துரு எல்லாம் ஆர்க்கில் பிரிந்து ஹைட்ரஜனாகி உருகிய எஃகில் கரைகின்றன. வெல்டு ஆறியதும் வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. கடினமான உள்ளமைப்பும் இழுவிசையும் சேர்ந்தால் விரிசல். இது வெல்டு முடித்த உடனே வராது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். மாலையில் நல்லதாகத் தெரிந்த வெல்டு மறுநாள் வெடித்திருப்பதற்கு இதுதான் விளக்கம்.

7018 வகைக் குறை ஹைட்ரஜன் ராடுகளைத் தயாரிப்பாளர் சொன்னபடி, பொதுவாக 300 முதல் 400 டிகிரிக்குள் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சுட்டு, பிறகு 100 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பாக்கெட்டில் எச்4 என்று போட்டிருந்தால், 100 கிராம் வெல்டு உலோகத்தில் பரவும் ஹைட்ரஜன் 4 மில்லிலிட்டருக்கு மேல் போகாது என்று பொருள். காலையில் எடுத்த ராடைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலை வரை ஓட்டினால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

ப்ரீஹீட் குளிரும் வேகத்தைக் குறைக்கிறது, ஹைட்ரஜன் வெளியேற நேரம் கொடுக்கிறது. பி11, பி22, பி91 என்பவை குரோமியம் கலந்த பைப் எஃகுகளின் தரப்பெயர்கள். 1.25 சதவீதம் குரோமியம் உள்ள பி11-க்குச் சுமார் 150 டிகிரி, பி22-க்கு 150 முதல் 200, பி91-க்கு 200 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் என்பது வழக்கம். கனமான பைப்பில் டார்ச்சால் மேற்புறத்தை மட்டும் சூடுகாட்டி, டெம்ப் ஸ்டிக் (குறித்த வெப்பநிலையில் உருகும் குச்சி) உருகிவிட்டது என்று வெல்டைத் தொடங்குவது கண்துடைப்பு. சூடு தடிமன் முழுவதும் இறங்க வேண்டும். இடையில் டீ குடிக்கப் போனாலும் வெப்பம் இறங்கக் கூடாது.

எஸ்.ஆர். போடுவது என்றால் என்ன? எங்கே தப்பு நடக்கிறது?

வெல்டு முடிந்த பின் செய்யும் வெப்பச் சிகிச்சையைத்தான் தளத்தில் எஸ்.ஆர். என்றும், பி.டபிள்யூ.எச்.டி. என்றும் சொல்கிறார்கள். உள்ளே தேங்கிய இழுவிசையைத் தளர்த்துவதும், கடினமாகிப்போன பகுதியை மென்மைப்படுத்தி முறியாத தன்மை கொடுப்பதும் இதன் வேலை. கார்பன் எஃகுக்குச் சுமார் 600 முதல் 650 டிகிரி, பி22-க்கு 700-ஐ ஒட்டி, பி91-க்கு 730 முதல் 775 வரை என்று எஃகின் வகைக்கேற்ப மாறும். ஊற வைக்கும் நேரம் பெரும்பாலும் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் போகும். சிறிய விட்டம், மெல்லிய சுவர் உள்ள பாயிலர் டியூப்களுக்குக் கோடு சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. அந்த நிபந்தனைகளில் ப்ரீஹீட்டும் ஒன்று. விலக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ப்ரீஹீட்டை விட்டுவிடக் கூடாது.

தப்பு பெரும்பாலும் தெர்மோகப்பிளில் (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை) நடக்கும். படுக்கையாகப் போகும் பைப்பில் சூடு மேலே ஏறும். மேல்பக்கம் 750 காட்டும்போது அடிப்பக்கம் பல டிகிரி குறைவாக இருக்கலாம். ஒரே ஒரு தெர்மோகப்பிளை மேலே வைத்து அழகான சார்ட் எடுத்துவிடலாம். பைப்பின் அடிவயிறு சிகிச்சையே பார்த்திருக்காது. பெரிய பைப்பில் மேல், கீழ், இரு பக்கம் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு கொடுக்க வேண்டும். தெர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளையும் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் முறையில் உலோகத்தோடு நேராகவே ஒட்ட வேண்டும். கம்பியால் கட்டி ஹீட்டர் பேடுக்கு அடியில் செருகினால் அது காட்டுவது பேடின் சூட்டை. பைப்பின் முனைகள் திறந்திருந்தால் உள்ளே காற்று ஓடிக் குளிர்விக்கும், அடைத்துவிடுங்கள்.

பி91 என்றாலே ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

பயப்பட வேண்டிய பொருள்தான். 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம், நையோபியம், நைட்ரஜன் சேர்த்து, 1970-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் மேம்படுத்தப்பட்ட எஃகு இது. பி22-ஐ விடப் பாதித் தடிமனிலேயே அதே வேலையைச் செய்ய முடிவதால் ஹெடர்களும் மெயின் ஸ்டீம் லைன்களும் இதற்கு மாறின. ஆனால் இதன் வலிமை முழுக்க ஒரு குறிப்பிட்ட உள்ளமைப்பில் இருக்கிறது: பதப்படுத்திய மார்ட்டென்சைட்டும் (எஃகு வேகமாக ஆறும்போது உருவாகும் கடினமான அமைப்பு), அதில் தூவினாற்போல் கிடக்கும் மிக நுண்ணிய கார்பைடு, நைட்ரைடு துகள்களும். வெப்பநிலையில் கொஞ்சம் பிசகினால் அந்த உள்ளமைப்பு போய்விடும். பொருள் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆயுள் போயிருக்கும்.

வெல்டு முடிந்ததும் நேராக பி.டபிள்யூ.எச்.டி.க்குப் போகக் கூடாது. முதலில் 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். அப்போதுதான் ஆஸ்டெனைட் (கடும் சூட்டில் எஃகுக்கு இருக்கும் அமைப்பு) முழுக்க மார்ட்டென்சைட்டாக மாறும். அவசரப்பட்டுச் சூட்டோடு சூடாகச் சிகிச்சை போட்டால், மாறாமல் மிஞ்சிய ஆஸ்டெனைட் பிறகு ஆறும்போது பதப்படாத, கண்ணாடியாக உடையும் மார்ட்டென்சைட்டாகிவிடும். மறுபக்கம், ஆறிய வெல்டைச் சிகிச்சை இல்லாமல் ஈரத்தில் நாள்கணக்கில் போட்டு வைத்தாலும் விரிசல் வரும்.

மேல் எல்லையும் கறாரானது. 800 டிகிரியை ஒட்டி எஃகு மறுபடி உருமாறத் தொடங்கிவிடும். வெல்டு கம்பியில் நிக்கலும் மாங்கனீசும் சேர்ந்து அதிகமிருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். அதனால்தான் இரண்டின் கூட்டுத்தொகைக்கு உச்சவரம்பு வைத்து வாங்குகிறார்கள். பில் எடுக்கும்போது விலையைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பி91 வெல்டில் டைப் 4 என்ற விரிசல் வரும். வெப்பம் தாக்கிய பகுதியின் வெளி ஓரத்தில், படிகங்கள் பொடியாகி மென்மையான ஒரு பட்டையில், மேற்பரப்புக்கு அடியிலேயே க்ரீப் துளைகள் பிறந்து ஒன்று சேரும். வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

தவறாகச் சூடேறிய பி91-ஐ அதே இடத்தில் மறுபடி சூடாக்கிச் சரிசெய்ய முடியாது. மென்மையாகிப்போன துண்டை வெட்டி எடுங்கள், அல்லது முழு உறுப்பையும் உலைக்குக் கொண்டுபோய் நார்மலைஸ் செய்து (மிகையாகச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு) டெம்பர் செய்யுங்கள் (அதைவிடக் குறைந்த சூட்டில் பதப்படுத்துங்கள்). வளைந்த பைப்பை நிமிர்த்த டார்ச் வைப்பவர்களைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பி.டபிள்யூ.எச்.டி. செய்யவே முடியாத இடத்தில் என்ன வழி?

டெம்பர் பீட் முறை. ஒவ்வொரு வெல்டு வரியும் தனக்கு அடியில் உள்ள வரியின் கடினப்பட்ட பகுதியைப் பதப்படுத்தும்படி வரிசையைத் திட்டமிட்டு அடுக்குவது. முதல் அடுக்கைச் சிறிய ராடில், குறைந்த சூட்டில், ஒவ்வொரு வரியும் முந்தையதில் பாதியை மூடும்படி போட்டு, அடுத்த அடுக்கைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் போடுவார்கள். கடைசி அடுக்கைத் தேவைக்கு மேல் உயர்த்திப் போட்டு, பிறகு கிரைண்டு செய்து எடுத்துவிடுவார்கள். அதன் வேலை கீழே இருப்பதைப் பதப்படுத்துவது மட்டும்.

வால்வு உடல், டர்பைன் கேசிங், அணு உலையின் நாசில் போன்ற இடங்களில் இது கைகொடுக்கிறது. அமெரிக்காவின் நேஷனல் போர்டு இன்ஸ்பெக்ஷன் கோடு, வெப்பச் சிகிச்சைக்கு மாற்றாகச் சில கட்டுப்பட்ட வெல்டிங் முறைகளை அனுமதிக்கிறது. ஆனால் இது எஸ்.ஆர். செலவை மிச்சப்படுத்தும் குறுக்கு வழி இல்லை. மாதிரித் துண்டில் செய்து, வெட்டி, கடினத்தன்மையை வரிவரியாக அளந்து நிரூபித்த பிறகே உண்மையான உறுப்பைத் தொட வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் குரோம் மாலி எஃகையும் சேர்த்து வெல்டு செய்யலாமா?

சூப்பர்ஹீட்டரிலும் ரீஹீட்டரிலும் ஆயிரக்கணக்கில் அப்படிப்பட்ட வெல்டுகள் இருக்கின்றன. சூடேறும்போது ஸ்டெயின்லெஸ், குரோம் மாலி (குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த) எஃகை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். ஒவ்வொரு முறை பாயிலரை ஏற்றி இறக்கும்போதும் இடைமுகத்தில் இழுபறி. கூடவே கார்பன், குரோமியம் அதிகமுள்ள பக்கம் நோக்கி நகர்ந்து, எஃகுப் பக்கம் மென்மையான ஒரு கோட்டை விட்டுவிடும். 309 வகை ஸ்டெயின்லெஸ் ராடில் போட்ட பழைய வெல்டுகள் இந்தக் கோட்டை ஒட்டியே கழன்றன. நிக்கல் அடிப்படையிலான இன்கோனல் 82, 182 வகை நிரப்பு உலோகத்தின் விரிவு இரண்டுக்கும் இடைப்பட்டது, கார்பன் நகர்வையும் அது தடுக்கிறது. அதனால் ஆயுள் கூடும். இணைப்பை நெருப்பு படாத இடத்துக்கு நகர்த்த முடிந்தால் அது எந்த ராடை விடவும் நல்லது.

இருபது முப்பது ஆண்டு ஓடிய பைப்பில் வெல்டு போட்டால் தாங்குமா?

பைப் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரெப்ளிகா எடுத்துப் பாருங்கள்: மேற்பரப்பை மெருகேற்றி, அமிலம் தடவி, பிலிமில் அச்செடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. க்ரீப் துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கண்காணிப்போடு ஓட்டலாம். துளைகள் வரிசைகட்டி நின்றால் பழுதுநீக்கத்தைத் திட்டமிடுங்கள். நுண்விரிசல்களாகச் சேர்ந்துவிட்டால் மாற்றுவதே நல்லது. களைத்துப்போன உலோகத்தின் மேல் புது வெல்டு அடித்தால் அதன் சுருக்க விசையே பக்கத்தில் கிழித்துவிடும்.

இதில் அலட்சியத்துக்கு இடமில்லை. 1985 ஜூனில் அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள மொஹாவே நிலையத்தில், நீளவாக்கில் வெல்டு செய்யப்பட்ட ஹாட் ரீஹீட் பைப் (மறுபடி சூடேற்றிய நீராவியை டர்பைனுக்குக் கொண்டுபோவது) வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே மிச்சிகனின் மன்றோ நிலையத்திலும் அதே வகைப் பைப் வெடித்தது. உலகம் முழுக்க நீள வெல்டுள்ள சூடான பைப்களை அல்ட்ராசோனிக்கில் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

விரிசலை எடுக்கும்போது அதன் நுனி முழுதும் போனதை மேக்னடிக் பார்ட்டிகிள் சோதனையில் உறுதி செய்ய வேண்டும். கார்பன் ஆர்க் வைத்துக் குடைந்திருந்தால் கார்பன் ஏறிய மேல்தோலைக் கிரைண்டு செய்து நீக்கிய பிறகே வெல்டு.

தேய்ந்து மெலிந்த ஃபீட் வாட்டர் பைப்பின் மேல் வெல்டு ஏற்றிச் சமாளிக்கலாமா?

அடுத்த ஷட்டவுன் வரை, கணக்குப் போட்டு, ஒப்புதலோடு. ஓடும் நீரே கார்பன் எஃகின் காப்புப் படலத்தைக் கரைத்துக்கொண்டு போகும் தேய்வு இது. ஓரிஃபீசுக்கு (ஓட்டத்தைக் குறுக்கும் துளைத் தகடு) பின்னும் எல்போவிலும் அதிகம். ஜப்பானின் மிஹாமா 3-ஆம் அலகில் 2004 ஆகஸ்டில் வெடித்த பைப்பின் சுவர் 10 மி.மீ.யிலிருந்து மிகவும் மெலிந்திருந்தது. அந்த இடம் சோதனைப் பட்டியலிலேயே விடுபட்டிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். 1986-இல் அமெரிக்காவின் சர்ரி நிலையத்திலும் இதே தேய்வால் நான்கு பேர் இறந்தனர். நிரந்தரத் தீர்வு, கொஞ்சம் குரோமியம் உள்ள எஃகுக்கு மாறுவது. 1 சதவீதத்தைத் தாண்டிய குரோமியமே இந்தத் தேய்வை ஏறக்குறைய நிறுத்திவிடும்.

வாட்டர் வாலுக்கு இன்கோனல் ஓவர்லே போடுவது பலன் தருமா?

குப்பை எரிக்கும் பாயிலர்களிலும், குறை நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடுகள்) பர்னர் வைத்தபின் அரிப்பு கூடிய நிலக்கரிப் பாயிலர்களிலும் நல்ல பலன். நிக்கல் கலவையான இன்கோனல் 625-ஐ மேல் அடுக்காகச் சுமார் 2 மி.மீ. தடிமனில், தானியங்கி மிக் (கம்பி தொடர்ந்து ஊட்டப்படும் வெல்டிங்) இயந்திரத்தால் மேலிருந்து கீழாகப் போடுவார்கள். அடியில் உள்ள இரும்பு ஓவர்லேயில் எவ்வளவு கலக்கிறது என்பதுதான் தரத்தின் அளவுகோல். இரும்பு கூடினால் காசு கொடுத்து வாங்கிய நிக்கலின் பலன் குறையும். சுவர் முழுவதும் சுருங்கி இழுக்கும் என்பதால் வரிசையை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஏற்கெனவே மெலிந்துபோன டியூபுக்கு இது மருந்தல்ல.

ஸ்டீம் டர்பைன் ரோட்டரிலும் பிளேடிலும் வெல்டு தொடலாமா?

தொடுகிறார்கள், ஆனால் நிலையத்தின் ஒர்க் ஷாப்பில் அல்ல. ரோட்டர் டிஸ்கின் பிளேடு பிடிக்கும் பள்ளங்களில் விரிசல் வந்தால், அந்த விளிம்பைக் கடைந்து நீக்கிவிட்டு, சப்மர்ஜ்டு ஆர்க்கிலோ டிக்கிலோ புது உலோகம் ஏற்றி, வெப்பச் சிகிச்சை செய்து, பள்ளங்களை மறுபடி வெட்டுகிறார்கள். வளையாமல் இருக்க ரோட்டரை நிமிர்த்தித் தொங்கவிட்டுச் சூடாக்குவார்கள்.

லோ பிரஷர் கடைசி வரிசைப் பிளேடுகளின் முன்விளிம்பை நீர்த்துளிகள் அரித்துவிடும். அங்கே ஸ்டெல்லைட் (தேய்வைத் தாங்கும் கோபால்ட் கலவை) பட்டையைப் பிரேசிங் செய்தோ வெல்டு செய்தோ பொருத்துகிறார்கள். இப்போது லேசர் கிளாடிங்கும் வந்துவிட்டது. சூடு குறைவாக ஏறுவதால் பிளேடு கோணுவதில்லை. பிளேடின் அடிவேர்ப் பக்கம் மட்டும் வெல்டு கொண்டு போகாதீர்கள். சுழலும்போது விசை முழுதும் அங்கேதான்.

கேஸ் டர்பைன் பிளேடுகள் ஏன் வெல்டுக்கு மசிவதில்லை?

அவற்றின் வலிமைக்குக் காரணமான அலுமினியமும் டைட்டானியமும்தான் வெல்டின் எதிரி. இரண்டும் கூடக் கூட, வெல்டிலும் அதன்பின் சூடாக்கும்போதும் விரிசல் விடும். ஐஎன்738 போன்ற நிக்கல் கலவைகளில் நுனிப் பகுதியை, சுமை குறைவு என்பதால், 625 போன்ற மென்மையான கம்பியில் கட்டி எழுப்புவார்கள். சுமை தாங்கும் இடங்களுக்கு, ஆர்கன் நிரப்பிய பெட்டிக்குள் பிளேடையே சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி வெல்டு செய்யும் முறை உண்டு. ஒல்லியான விரிசல்களுக்கு டிஃபியூஷன் பிரேசிங்: உள்ளே படிந்த ஆக்சைடை ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயுவால் நீக்கி, போரான் கலந்த பொடியை உருக்கி நிரப்பி, போரான் பரவிக் கலையும் வரை வேக்குவம் உலையில் வைத்திருப்பது.

நீர்மின் டர்பைன் ரன்னரில் (சுழலும் சக்கரத்தில்) குழிகள் விழுந்தால்?

13 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல் உள்ள ரன்னர்களை அதே கலவையில் வெல்டு செய்தால் 600 டிகிரியை ஒட்டி வெப்பச் சிகிச்சை வேண்டும். டர்பைன் குழிக்குள்ளேயே அமர்ந்து செய்யும் வேலையில் அது நடக்காது என்பதால் 309எல் போட்டு, மேல் அடுக்குக்குக் கோபால்ட் கலந்த, கேவிடேஷனை (நீரில் குமிழ்கள் உடைந்து உலோகத்தைக் குழியாக்குவது) தாங்கும் ராடு போடுவார்கள். பிளேடின் வளைவை டெம்ப்ளேட் வைத்து மீட்டெடுங்கள். மேடுபள்ளமாக விட்டால் புதுக் குழிகள் அங்கேதான் பிறக்கும்.

அணுமின் நிலையத்தில் வேறென்ன கூடுதல் சிக்கல்?

கதிர்வீச்சு. வெல்டர் நிற்கக்கூடிய நிமிடங்கள் எண்ணப்பட்டவை. அதனால் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திர டிக் வெல்டிங்தான் அதிகம். அங்கே பழைய தலைவலி அலாய் 600-உம் அதன் துணை வெல்டு உலோகமான 182-உம். உலையின் சூடான நீரில் அவை அழுத்த அரிப்பு விரிசல் விடும். குரோமியம் ஏறக்குறைய 30 சதவீதம் உள்ள 52, 152 கம்பிகளால் பைப்பைச் சுற்றி வெளியே தடித்த ஓவர்லே போடுவது ஒரு தீர்வு. அது சுருங்கும்போது உட்சுவரை அழுத்தத்துக்கு உட்படுத்தி, விரிசலையும் மூடிப் பிடிக்கும்.

2002-இல் ஓஹியோவின் டேவிஸ் பெஸ்ஸே உலையில், விரிசல் வழியே கசிந்த போரிக் அமிலம் உலைத் தலையின் கனத்த எஃகைத் தின்று, மெல்லிய ஸ்டெயின்லெஸ் பூச்சு மட்டும் மிஞ்சியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பழுது பார்ப்பது பற்றி யோசித்துவிட்டு, கட்டி முடிக்கப்படாத மிட்லாண்ட் நிலையத்துக்காகச் செய்திருந்த தலையை வாங்கி மாற்றினார்கள்.

ரேடியோகிராபியில் பாஸ் என்றால் வெல்டு நல்லதுதானே?

காற்றுத்துளையும் கசடும் இல்லை என்று மட்டும் தெரியும். கதிரின் திசைக்குக் குறுக்கே படிந்த ஒல்லி விரிசலைப் பிலிம் தவறவிடும். அதற்கு ஃபேஸ்டு அரே (ஒலிக்கற்றையைப் பல கோணங்களில் செலுத்தும்) அல்ட்ராசோனிக் நல்லது. பி91 வெல்டு பதப்பட்டதா என்பதை எந்தப் பிலிமும் சொல்லாது. கடினத்தன்மை அளக்க வேண்டும். மூல உலோகம் சுமார் 190 முதல் 250 பிரினெல்லுக்குள் இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டும். கையடக்கக் கருவியை வைக்கும் முன் மேல்தோலை அரை மி.மீ. அளவுக்காவது அரைத்தெடுங்கள், கார்பன் இழந்த தோலில் அளந்தால் எண் பொய்யாக இறங்கும். ராடு மாறிப்போகவில்லை என்பதை பி.எம்.ஐ. (உலோகக் கலவையைக் கண்டறியும்) கருவியால் ஒவ்வொரு அலாய் வெல்டிலும் பாருங்கள். கார்பன் எஃகு டியூப் துண்டு ஒன்று சூப்பர்ஹீட்டருக்குள் புகுந்தால் எந்த வெல்டர் திறமையும் காப்பாற்றாது.

வெல்டரிடம் 6ஜி சான்றிதழ் இருந்தால் போதுமா?

தொடங்கப் போதும். 6ஜி என்பது சாய்வாக நிலையாக நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டு போட்டுத் தேறும் சோதனை. ஏஎஸ்எம்இ பகுதி 9-இன் வெல்டர் தேர்வு, ஐஎஸ்ஓ 9606 இரண்டும் வெல்டரின் கையைச் சோதிப்பவை. நடைமுறையைத் தனியாக நிரூபிக்க வேண்டும். சோதனைக் கூடத்தில் பைப்பைச் சுற்றி நாலு பக்கமும் இடம் இருக்கும்; பாயிலருக்குள் அடுத்த டியூப் இரண்டு விரல் தூரத்தில் இருக்கும். அதே இடைவெளியில் மாதிரி அமைத்து, அதே கையுறை, அதே ஹெல்மெட்டோடு போட வைத்துப் பாருங்கள்.

ஆர்கன் பர்ஜிங்கிலும் எர்த்திங்கிலும் கவனிக்க வேண்டியது?

9 சதவீதக் குரோமியத்துக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் ரூட்டின் பின்புறம் ஆர்கன் இல்லாவிட்டால் கருகிப் பொரிந்துவிடும். நீரில் கரையும் காகிதத்தால் இருபுறமும் அடைத்து ஆர்கனை நிரப்புவார்கள். ஆனால் ஆர்கன் காற்றை விடக் கனமானது, மணமும் நிறமும் இல்லை. ஹெடருக்குள்ளும், டிரம்முக்குள்ளும், கீழ்த்தளக் குழியிலும் தேங்கி நிற்கும். இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், காப்பாற்றப் போனவரும் விழுவார். ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஆர்கன் ஹோஸை உள்ளே விட்டுவிட்டு வராதீர்கள்.

ரிட்டர்ன் கேபிளை வெல்டு போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே உறுப்பில் பிடியுங்கள். டர்பைன் கேசிங்கில் வெல்டு போட்டுக்கொண்டு தூரத்துத் தூணில் கிளாம்ப் மாட்டினால், மின்னோட்டம் ஷாஃப்ட் வழியாக பேரிங்கின் பேபிட்டை (மென்மையான உள்பூச்சு உலோகம்) பொரித்துக்கொண்டு போகும். அந்தக் குழிகள் இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான், பேரிங் வெப்பம் ஏறும்போது தெரியவரும்.